பல்கலைக்கழக ஹெர்பேரியத்தைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆட்கள் தேவையா?

கட்டாயம் தேவை. ஹெர்பேரியம் என்பது செடிகளை அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, பெயர் எழுதிப் பாதுகாக்கும் இடம். ‘காய்ந்த செடிதானே, பீரோவில் கிடக்கட்டும்’ என்று நினைப்பவர்கள் தாவரவியல் துறைகளுக்குள்ளேயே இருக்கிறார்கள் என்பதால், மதுரையில் முதுகலை படித்தபோது எங்கள் துறையின் ஹெர்பேரியத்தில் கண்டதை வைத்துப் பதில் சொல்கிறேன்.

பொறுப்பாளர் என்று பலகையில் பெயர் இருப்பவர் பெரும்பாலும் வகுப்பெடுக்கும் பேராசிரியராகவே இருப்பார். ஹெர்பேரியம் அவருக்குக் கூடுதல் சுமை. செடியின் பெயரைச் சரிபார்ப்பதே அவருடைய முதன்மையான வேலை. அக்கேசியா என்ற பெயர் ஆஸ்திரேலிய இனங்களுக்கே உரியது என்று 2005இல் வியன்னாவில் கூடிய பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு முடிவெடுத்து, 2011இல் மெல்போர்னில் அது உறுதியானபின், அதுவரை அக்கேசியாவாக இருந்த நம் கருவேலம் வாச்செலியா ஆயிற்று. அப்போதும் பழைய பெயரை அடிக்கக் கூடாது. புதிய பெயரையும் தீர்மானித்தவர் பெயரையும் ஆண்டையும் எழுதிய சிறு சீட்டை அதே தாளில் ஒட்ட வேண்டும். ஐயமான மாதிரிகளை எங்கள் பேராசிரியர் கோவையில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கோ, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்துக்கோ எடுத்துச் சென்று ஒப்பிட்டு வருவார்.

அன்றாடம் அந்த அறையை நடத்தியவர் நாங்கள் அண்ணன் என்று அழைத்த உதவியாளர்தான். அழகர்மலையிலும் நாகமலையிலும் சிறு செடிகள் பலவும் பூப்பது ஐப்பசி, கார்த்திகை மழையில்; சேகரிப்பு குவிவதும் அப்போதுதான், காற்றில் ஈரம் மிகுவதும் அப்போதுதான். பிரஸ்ஸில் (செடிகளைச் செய்தித்தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்தும் சட்டத்தில்) கட்டிய செடிகளுக்கு முதல் சில நாட்கள் தினமும் செய்தித்தாள் மாற்றாவிட்டால் பூசணம் பிடித்து, பூ கறுத்து, மாதிரி பயனற்றுப் போகும். ஞாயிற்றுக்கிழமை என்று அதற்கு விடுமுறை கிடையாது. கள்ளிமுளையான் போன்ற சதைப்பற்றுள்ள செடிகள் பிரஸ்ஸுக்குள்ளும் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும் என்பதால், அவற்றைக் கொதிநீரில் முக்கியெடுத்த பிறகே வைப்பார். பழைய தாள்களைத் தொட்டால் கை கழுவாமல் யாரையும் வெளியே விடமாட்டார், ஏனெனில் பூச்சி அரிக்காமலிருக்க முற்காலத்தில் பூசப்பட்ட பாதரசக் குளோரைடு என்ற நஞ்சு இன்னும் அவற்றில் இருக்கிறது. (இப்போது பல இடங்களில் மாதிரிகளை உறைபெட்டியில் வைத்தே வண்டுகளைக் கொல்கிறார்கள்.)

அவர் ஓய்வு பெற்றபின் அந்த இடம் நிரப்பப்படவில்லை. ஆய்வு மாணவர்கள் முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அவரவர் ஆய்வுக்குரிய தாவரக் குடும்பங்களின் மாதிரிகள் பிழைத்தன, கேட்பாரற்ற புல், கோரை பீரோக்களை வண்டு அரித்தது. ஆகவே என் கருத்தில், பேராசிரியர் பணியிடத்தைவிட உதவியாளர் பணியிடத்தைத்தான் முதலில் நிரப்ப வேண்டும்: பெயர் தவறாயிருந்தால் பத்தாண்டு கழித்தும் திருத்தலாம், அரித்துப்போன மாதிரியில் திருத்த எதுவும் மிஞ்சாது.

நீங்களே ஒரு செடியை ஹெர்பேரியத்துக்குக் கொண்டுபோய்ப் பெயர் கேட்பதாயிருந்தால், பூவோ காயோ உள்ள கிளையாக எடுத்துச் செல்லுங்கள். இடத்தையும் ‘மதுரை’ என்று மட்டும் குறிக்காமல் ‘அழகர்கோயில், நூபுர கங்கைக்குப் போகும் பாதை’ என்பதுபோல் தேதியுடன் எழுதிக்கொள்ளுங்கள். அங்கே முதலில் கேட்பது அதைத்தான்.