லேப்கூஹன் வீட்டில் செய்ய வருமா? முதலில் எதைச் சுடலாம்?

கேள்வி: ஜெர்மனியில் கிறிஸ்துமஸுக்குச் செய்யும் லேப்கூஹன் போன்ற மசாலா பிஸ்கட்டுகளை வீட்டிலேயே செய்ய முடியுமா? புதிதாகத் தொடங்குபவர் எதில் ஆரம்பிக்கலாம்?

தாராளமாகச் செய்யலாம். ஆனால் பெரும்பாலானவர்கள் முதலில் கை வைப்பது மாவைத் தேய்த்து, நட்சத்திரம், இதயம் என்று அச்சில் வெட்டும் வகைகளில். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் மாவு ஒட்டும், மூலை உடையும், பாதியிலேயே சலித்துப்போகும். என்னைக் கேட்டால் எலீசன் லேப்கூஹனில் தொடங்குங்கள். தேய்க்க வேண்டாம், வெட்ட வேண்டாம், பேக்கிங் பவுடர்கூட வேண்டாம். லேப்கூஹன் வகைகளிலேயே உயர்ந்ததாகக் கொண்டாடப்படுவதும் அதுதான்.

நான் இருப்பது எர்லாங்கன். நூரம்பர்க் பக்கத்து ஊர். லேப்கூஹன் என்றாலே இங்கே நூரம்பர்க்தான். சுற்றியிருந்த காட்டில் தேன் கிடைத்தது, வெனிஸ் வழியாக வந்த மசாலாப் பொருள்கள் அந்த ஊர் வணிகர்கள் கையில் இருந்தன. இரண்டும் ஓரிடத்தில் சேர்ந்ததால் வந்த பண்டம் இது. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா மாதிரி இதற்கும் ஊர்ப்பெயர் காப்பு உண்டு. 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு இருப்பதால், வெளியூரில் சுட்டுவிட்டு 'நூரம்பர்க் லேப்கூஹன்' என்று விற்க முடியாது. 'எலீசன்' என்று பெயர் போட இன்னொரு நிபந்தனையும் இருக்கிறது: பாதாம், ஹேசல்நட், வால்நட் இவை குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும், மாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வீட்டில் செய்பவர்கள் பலர் மாவே சேர்ப்பதில்லை. நானும் சேர்ப்பதில்லை.

அளவு இது: 4 முட்டை, 200 கிராம் நாட்டுச் சர்க்கரை, பொடித்த ஹேசல்நட் 250 கிராம், தோலோடு பொடித்த பாதாம் 150 கிராம், சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோலும் எலுமிச்சைத் தோலும் சேர்த்து 200 கிராம், மசாலாப் பொடி 3 தேக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. முட்டையையும் சர்க்கரையையும் வெளுத்து நுரை வரும்வரை அடித்து, மற்றதைக் கலந்துவிடுங்கள். கலவை கரண்டியிலிருந்து தானாக வழியக் கூடாது, கரண்டியைத் தட்டினால்தான் விழ வேண்டும். தளர்வாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பாதாம் பொடி.

இங்கே இதை ஓப்லாட்டன் என்ற வட்டத் தாளின் மேல் வைப்பார்கள். தாள் என்றேனே தவிர, கோதுமை மாவும் தண்ணீரும் சேர்த்துச் சுட்ட மெல்லிய வேஃபர் அது. தேவாலயத்தில் நற்கருணைக்குத் தரும் அப்பமும் இந்த ரகம்தான். ஒட்டும் கலவை தட்டில் பிடித்துக்கொள்ளாமல் இருக்க அது உதவுகிறது, அப்படியே சாப்பிட்டும்விடலாம். கிடைக்காவிட்டால் பேக்கிங் தாளில் வெண்ணெய் தடவி வையுங்கள். நடுவில் மேடாகவும் ஓரத்தில் தாழ்வாகவும், ஈரக் கத்தியால் நீவி விடுங்கள். ஏழு சென்டிமீட்டர் வட்டமாக வைத்தால் இருபதுக்கு மேல் வரும்.

அடுத்து வருவதைத்தான் அவசரக்காரர்கள் தாண்டிவிடுகிறார்கள். வைத்த உடனே சுடக் கூடாது. மேற்பரப்பு காய்ந்து, விரலால் தொட்டால் ஒட்டாத அளவுக்கு ஒரு தோல் கட்ட வேண்டும். அந்தத் தோல்தான் சூட்டில் கலவை பரவி ஓடாமல் பிடித்துக்கொள்கிறது, உள்ளே ஈரத்தையும் காக்கிறது. இங்கே நவம்பர் குளிரில் இரவு முழுவதும் சமையலறையிலேயே விட்டுவிடுவார்கள். சென்னைப் புழுக்கத்தில் முட்டைக் கலவையை அப்படி வெளியே வைக்காதீர்கள். மூடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள், அதுவே நன்றாக உலர்த்திவிடும்.

பிறகு 160 டிகிரியில் ஏறக்குறைய இருபது நிமிடம். எங்கள் கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா கடிகாரத்தைப் பார்க்கவே மாட்டார். ஓவன் கதவைத் திறந்து ஒன்றின் ஓரத்தை அழுத்துவார், பிறகு நடுவை. ஓரம் கெட்டியாக இருந்து, நடுப்பகுதி அழுத்தினால் குழிந்து மெதுவாக மேலே வந்தால் எடுத்துவிடுவார். நடுவும் கெட்டியாகிவிட்டால் அதிகம் வெந்துவிட்டது என்று அர்த்தம். சூடு இருக்கும்போதே, எலுமிச்சைச் சாற்றில் குழைத்த ஐசிங் சர்க்கரையைத் தடவலாம். சாக்லேட் என்றால் முழுக்க ஆறட்டும்.

மசாலாவுக்கு வருவோம். இங்கே சின்னப் பொட்டலமாகக் கடையில் விற்கும், ஆனால் அதை வாங்க அலைய வேண்டாம். பட்டை, கிராம்பு, ஏலக்காய், ஜாதிக்காய், ஜாதிபத்திரி, அன்னாசிப்பூ, சுக்கு, தனியா. பாதிக்கு மேல் உங்கள் வீட்டுப் பிரியாணி டப்பாவிலேயே இருக்கிறது. பட்டை ஐந்து பங்கு என்றால் கிராம்பும் தனியாவும் ஒவ்வொரு பங்கு, மற்றவை அரைப் பங்குதான். கிராம்பு தூக்கலானால் பல் வலி மருந்து வாசனை வந்துவிடும். ஆல்ஸ்பைஸ் கிடைத்தால் அரைப் பங்கு சேருங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

ஹேசல்நட் நம் ஊரில் விலை அதிகம். பாதாமும் வால்நட்டும் போதும். ஆனால் ஆரஞ்சுத் தோலுக்குப் பதில் டூட்டி ஃப்ரூட்டி போடாதீர்கள். அது பப்பாளிக்காய், வெறும் இனிப்பு. இங்கே வேண்டியது தோலின் லேசான கசப்பு. ஆரஞ்சுத் தோலை இரண்டு முறை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, சர்க்கரைப் பாகில் கண்ணாடி போல ஆகும்வரை கொதிக்கவிட்டால் வீட்டிலேயே தயார்.

தேனும் மாவும் சேர்த்துச் செய்யும் பழுப்பு லேப்கூஹனை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பொட்டாசியம் கார்பனேட்டும் அமோனியம் பைகார்பனேட்டும் போடுவார்கள். இரண்டாவது நம் ஊர் பேக்கரிகளில் பிஸ்கட்டுக்குப் போடும் அமோனியாதான். வேகும்போது மூக்கைத் துளைக்கும், மெல்லிய பண்டம் என்றால் வாசனை முழுக்கப் போய்விடும். கேக் மாதிரி கனமானவற்றில் போடக் கூடாது. அந்தத் தேன் மாவைப் பழைய முறையில் வாரக்கணக்கில் ஊறவிடுவார்கள். மெல்லப் புளிப்பு ஏறி, கார்பனேட் வேலை செய்ய அதுவே வழி செய்கிறது.

பட்டை நட்சத்திரங்கள், அதாவது பட்டைப் பொடி தூக்கலாகப் போட்ட நட்சத்திர வடிவ பிஸ்கட்டுகள், செய்ய ஆசை என்றால் ஒரே ஒரு எச்சரிக்கை. தடித்த ஒற்றை மடிப்புப் பட்டையில் கூமரின் என்ற பொருள் அதிகம். அளவு மிஞ்சினால் கல்லீரலுக்கு ஆகாது என்று ஜெர்மன் அரசின் உணவு ஆபத்து மதிப்பீட்டு நிறுவனம் 2006-ல் இந்த நட்சத்திரங்களைக் குறிப்பிட்டே எச்சரித்தது. சுருட்டு போலப் பல மெல்லிய அடுக்காக இருக்கும் இலங்கைப் பட்டையில் அது மிகக் குறைவு. இலங்கையில் இருப்பவர்களுக்குக் கவலையில்லை, வீட்டுக் கறுவாவே போதும். ஓடிஜியில் சுடும்போது மேல் கம்பியை அணைத்துவிடுங்கள். மேலே பூசிய முட்டை வெள்ளைக்கரு வெள்ளையாகவே இருந்தால்தான் அது நட்சத்திரம்.

அப்புறம், சுட்ட அன்றே ருசி பார்த்து முடிவு செய்யாதீர்கள். மசாலா தனித்தனியாக நிற்கும். தகர டப்பாவில் ஒரு வாரம் மூடி வைத்தால் எல்லாம் கூடிவரும். கெட்டியாகத் தெரிந்தால் ஆப்பிள் துண்டு ஒன்றை உள்ளே வையுங்கள், பூஞ்சை வராமல் இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டிசம்பரின் தொடக்கத்தில் சாப்பிட வேண்டுமென்றால் நவம்பர் நடுவிலேயே சுட்டுவிடுவது நல்லது. ஸ்பெகுலாட்சியுஸ் என்ற மெல்லிய மசாலா பிஸ்கட் மாதிரி மொறுமொறுப்பானவற்றை இதே டப்பாவில் போடாதீர்கள், ஒரே இரவில் நமத்துவிடும்.