விஸ்காமா, பி.காமா?

அன்புள்ள சார்,

ராஜபாளையத்தில் சின்னதாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். என் மகள் பிளஸ் டூவில் காமர்ஸ் குரூப், 600க்கு 521 மதிப்பெண். மீடியாவுக்குத்தான் போவேன், சென்னையில் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) சேர்த்துவிடுங்கள் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். நான் பி.காம். படிக்கச் சொல்கிறேன். பி.ஏ. ஆங்கிலம் படித்தால் டீச்சர் வேலையாவது மிஞ்சும் என்கிறார் மைத்துனர். மூன்று நாளாக வீட்டில் சரியாகப் பேச்சில்லை. நீங்கள் பத்திரிகையில் இருந்தவர், ஒரு வழி சொல்லுங்கள்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மைத்துனர் சொன்னதை முதலில் முடித்துவிடுகிறேன். ஆசிரியர் வேலை யாருக்கும் ‘மிஞ்சுவது’ இல்லை. பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருடம் பி.எட்., அப்புறம் டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வு. விருப்பம் இருப்பவர்களே அதில் தடுமாறுகிறார்கள்.

சரி, விஸ்காம். பல வீடுகளில் இதைப் பத்திரிகைப் படிப்பு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். ஓவியம், போட்டோகிராஃபி, விளம்பரம், எடிட்டிங், அனிமேஷன் என்று போகும். பட்டத்தின் பெயர் பி.எஸ்சி., ஆனால் இயற்பியலும் வேதியியலும் கிடையாது. செய்தி எழுதுவதற்கு ஓரிரண்டு தாள்கள் இருக்கலாம், அவ்வளவுதான். கேமராவும் எடிட்டிங்கும்தான் உங்கள் மகளின் ஆசை என்றால் அவள் கேட்பது சரியான படிப்பு. நிருபராக வேண்டும், எழுத வேண்டும் என்றால் இப்போதே இதில் சேர வேண்டிய கட்டாயம் இல்லை.

ஏனென்றால் இதழியலுக்குப் பின்னால் போய்ச் சேர முடியும். சென்னை தரமணியில் இருக்கும் ஆசியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசத்தின் ஒரு வருட முதுநிலை டிப்ளமோவுக்கு எந்தப் பட்டம் இருந்தாலும் விண்ணப்பிக்கலாம். டெல்லியில் 1965 முதல் நடக்கும் மத்திய அரசின் இதழியல் கல்வி நிறுவனமான ஐ.ஐ.எம்.சி.யின் முதுநிலை டிப்ளமோக்களுக்கும் அப்படியே. எதிர்த்திசையில் இந்த வசதி கிடையாது. விஸ்காம் முடித்துவிட்டு எம்.காம். படிக்கிறேன் என்றால் சேர்க்க மாட்டார்கள்.

நானே பி.காம். தான். அப்பா பிடித்துத் தள்ளியதால் படித்தது, மூன்று வருடமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நாளிதழின் டெஸ்க்கில் சேர்ந்த முதல் வருடம் பட்ஜெட் நாள் வந்தது. நிதிப் பற்றாக்குறையும் வருவாய்ப் பற்றாக்குறையும் ஒன்றுதானே என்று பக்கத்து நாற்காலியில் இருந்தவர் தலைப்புப் போடப் போனார். தடுத்து நிறுத்தினேன். வீட்டுக்கணக்காகச் சொன்னால், சம்பளத்துக்கு மேல் மளிகைக்கும் வாடகைக்கும் வட்டிக்கும் போகிற தொகை வருவாய்ப் பற்றாக்குறை. அதோடு மனை வாங்கியது, வண்டி வாங்கியது எல்லாம் சேர்ந்து மொத்தமாக எவ்வளவு கடன் வாங்க வேண்டியிருக்கிறதோ அது நிதிப் பற்றாக்குறை. அன்றிலிருந்து வணிகச் செய்தி எல்லாம் என் மேஜைக்கு வர ஆரம்பித்தது. (அப்பாவிடம் இதைக் கடைசிவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருக்க முடியாது.)

அதற்காக பி.காமில் தள்ளிவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. பிடிக்காத பிள்ளைக்கு டேலி என்கிற கணக்கு மென்பொருளும் வராது, தணிக்கையும் வராது.

சென்னைக்கு வருவதாக இருந்தால் எந்தப் பட்டத்தோடும் ஒரு மொழி படிக்கலாம். ஜெர்மனுக்கு கோதே இன்ஸ்டிடியூட், பிரெஞ்சுக்கு அலியான்ஸ் பிரான்சேஸ், ஜப்பானியத்துக்கு ஏ.பி.கே. இருக்கின்றன. ‘என்5 முடித்தால் ஜப்பானில் வேலை’ என்று போஸ்டர் ஒட்டுகிறவர்களை மட்டும் நம்ப வேண்டாம். ஜப்பானிய மொழித் தேர்வின் ஐந்து படிகளில் என்5தான் ஆகக் கீழ்ப்படி, என்1 மேலே இருக்கிறது.

விஸ்காம்தான் என்று முடிவானால், கல்லூரியில் ஸ்டூடியோவைக் காட்டுவார்கள். பார்த்துவிட்டு, மூன்றாம் வருடப் பிள்ளைகள் எடுத்த படங்களைக் கேளுங்கள். ஒரு கல்லூரிக்குக் குறும்படப் போட்டி நடுவராகப் போயிருந்தேன். நல்ல கேமராக்கள், கண்ணாடி பீரோவுக்குள். சாவி துறைத்தலைவரிடம். பிள்ளைகள் போட்டிக்கு வந்த படங்களைச் செல்போனில் எடுத்திருந்தார்கள்.

மூன்று நாள் போதும், இன்று இரவு கடையைச் சாத்தியதும் அவளிடம் பேசுங்கள். ‘மீடியா’ என்றால் உனக்கு என்ன, படம் பிடிப்பதா, எழுதுவதா என்று கேளுங்கள். படம்தான் என்றால் கல்லூரிக் கட்டணத்தோடு எடிட்டிங் ஓடக்கூடிய ஒரு லேப்டாப்புக்கும் பணம் எடுத்து வையுங்கள். அது கல்லூரி கொடுக்கும் கட்டணப் பட்டியலில் இருக்காது.

அன்புடன்.