விட்சர் 3 முடித்துவிட்டேன், ரெட் டெட் 2 பாதியில் நிற்கிறது. அடுத்து எந்த ஓப்பன் வேர்ல்ட் கேம், அதாவது இஷ்டத்துக்கு ஊர் சுற்றும் கேம் ஆடலாம்?

கேட்டவர் கொடுத்திருக்கும் விவரம் இதுதான்: வேலைக்குப் போய் வந்து தினம் ஒரு மணி நேரம் கிடைக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்சம் கூட. கம்ப்யூட்டரில் ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 8 ஜிபி ராம். கையில் நாலு பெயர் வைத்திருக்கிறார்: அசாசின்ஸ் கிரீட் வல்ஹல்லா, சைபர்பங்க் 2077, எல்டன் ரிங், கோஸ்ட் ஆஃப் சுஷிமா. கதையும் நன்றாக இருக்க வேண்டும், ஊர் சுற்றவும் வேண்டும்.

அவசரமென்றால் என் பதில் சுஷிமா. அவசரமில்லை என்றால் மேற்கொண்டு படியுங்கள், ஏனென்றால் நீங்கள் இப்போது எதையும் வாங்காமலே இருப்பதுகூட நல்லதாக இருக்கலாம்.

முதலில் கழிக்க வேண்டியதைக் கழித்துவிடுவோம். எல்டன் ரிங் குறைந்தபட்சமே 12 ஜிபி ராம் கேட்கிறது. சைபர்பங்க் 2020-ல் வந்தபோது ஓட்டை உடைசலாக வந்து, சோனி தன் கடையிலிருந்தே எடுத்துவிடும் அளவுக்குப் போய், 2023-ல் 2.0 அப்டேட்டுக்குப் பிறகு ஆளே மாறிவிட்டது, ஆனால் அதுவும் இப்போது 12 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் கேட்கிறது. இரண்டுமே நல்ல கேம்கள்தான். உங்கள் மெஷினில் திக்கித் திக்கி ஆடிவிட்டு "பெரிசா ஒண்ணுமில்ல" என்று சொல்லப் போகிறீர்கள், அது அந்த கேமுக்குச் செய்கிற அநியாயம். இன்னொரு 8 ஜிபி ராம் போட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மீதி இரண்டு. வல்ஹல்லாவை நான் நாற்பது மணி நேரம் ஆடிவிட்டு விட்டவன். 9-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து, ஆறு, படகு, மூடுபனி, எல்லாமே கண்ணுக்கு அழகு. முதல் பதினைந்து மணி நேரம் நான் வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அப்புறம் ஒரு நாட்டுக்குப் போ, அந்த ஊர்ப் பஞ்சாயத்தைத் தீர்த்து வை, அவனைக் கூட்டாளி ஆக்கு, திரும்பி வந்து அடுத்த நாட்டுக்குப் போ என்று அதே சுற்று. எங்கள் கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசன் பார்த்திருந்தால் புரியும். மே மாதம் முதல் கூடை வீட்டுக்கு வரும்போது அடித்துக்கொள்வோம், ஜூன் பாதியில் வராந்தாவில் பழம் அழுகிக்கொண்டிருக்கும், அந்த வாசனையே தலைவலி. பழத்தின்மேல் குற்றமில்லை. தினம் ஒரு மணி நேரம் என்றால் வல்ஹல்லாவின் மெயின் கதைக்கு மட்டுமே உங்களுக்கு இரண்டு மாதம் ஆகும், சுற்றிப் பார்க்க ஆரம்பித்தால் தீபாவளியே வந்துவிடும்.

சரி, இதெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். நான் சொல்ல வந்தது வேறு. அடுத்த கேமைத் தேர்ந்தெடுக்கும்போது எல்லோரும் முடித்த கேமை வைத்துத்தான் கேட்கிறார்கள், "விட்சர் பிடித்தது, அதேபோல் ஒன்று சொல்லுங்கள்" என்று. பாதியில் விட்ட கேமை வைத்து யோசித்துப் பாருங்கள், அதில்தான் உங்களைப் பற்றிய தகவல் அதிகம். எந்த இடத்தில் விட்டீர்கள், அன்றைக்கு என்ன செய்துகொண்டிருந்தீர்கள்? நான் வல்ஹல்லாவை விட்டது ஏதோ ஒரு கோட்டைக்குள் பெட்டி தேடிக்கொண்டிருந்தபோது. ஹொரைசன் ஸீரோ டானை விட்டது மேப்பில் இருந்த குறிகளை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தபோது, கதை அப்போதுதான் சூடு பிடித்திருந்தது. ஆக எனக்கு வியாதி கதை இல்லை, குறி அழிப்பது. மேப்பில் கேள்விக்குறி இருந்தால் அதைத் தொடாமல் போக முடியாத ஆள் நான். இது தெரிந்தபிறகு கேம் வாங்குவதில் எனக்குக் காசு மிச்சம்.

இதற்கு என் அம்மா வழியில் ஒரு அளவுகோல் இருக்கிறது. தர்மபுரிப் பக்கம் என் தாத்தா ஊரில் பாரதம் வைப்பார்கள். பகலில் பாரதம் படிப்பார்கள், ராத்திரி தெருக்கூத்து, கடைசி நாள் காலையில் துரியோதனன் படுகளம். பதினெட்டு நாளும் மெயின் கதை ஒன்றுதான், ஆனால் இடையிடையே கட்டியக்காரன் வந்து பஞ்சாயத்துத் தலைவரைக் கிண்டல் செய்வான், முன் வரிசையில் தூங்குகிற மாமாவை எழுப்புவான், ராஜா பேசியதற்கு ஏட்டிக்குப் போட்டியாக ஒன்று சொல்வான். கதையை விட்டு வெளியே போன மாதிரி இருக்கும், ஆனால் அவன் போன பிறகு பார்த்தால் அதே கதையைத்தான் வேறு வாயால் சொல்லிவிட்டுப் போயிருப்பான். நல்ல கேமில் சைடு மிஷன், அதாவது மெயின் கதைக்கு வெளியே வரும் சின்ன வேலை, கட்டியக்காரன் மாதிரி. மோசமான கேமில் அது வேஷம் கட்டி முடியாத நடிகனுக்காக மேளக்காரர் வாசித்து இழுப்பது மாதிரி.

விட்சரில் வெலன் பகுதியில் வரும் ரத்தப் பிரபு கதையை நினைத்துப் பாருங்கள். ஹீரோ ஜெரால்ட்டாக, வளர்ப்பு மகள் சிரியைப் பற்றி ஒரு துப்பு கேட்கத்தான் அவனிடம் போகிறோம். போனால் அவன் பெண்டாட்டியும் மகளும் ஓடிப்போய்விட்டார்கள், ஏன் ஓடினார்கள் என்று தோண்டத் தோண்டக் குடியும் அடியும் வெளியே வருகிறது, கடைசியில் அவனை வெறுக்கவும் முடியாமல் மன்னிக்கவும் முடியாமல் நிற்கிறோம். இந்த ஆளை நான் எங்கள் தெருவிலேயே பார்த்திருக்கிறேன், பெயர்தான் வேறு. ஒரு மகளைத் தேடிப் போகிற ஜெரால்ட்டின் கதையை, மகளைத் தொலைத்த இன்னொருவன் வழியாகச் சொல்லிவிட்டார்கள், எங்கும் ஒரு வார்த்தை விளக்காமல். இதற்கு எதிர்ப்பக்கம் அசாசின்ஸ் கிரீட் 2-ல் 100 இறகு பொறுக்கச் சொன்னது. செத்துப்போன தம்பிக்காக என்று காரணம் வைத்திருந்தார்கள், முதல் ஐந்து இறகுக்கு எனக்கும் நெஞ்சு கனத்தது. அறுபதாவது இறகில் தம்பி முகம் மறந்துவிட்டது.

கூத்து விஷயத்தில் இன்னொன்று, கதையின் முடிவைத் தெரிந்துகொண்டதால் கேம் வீணாகிவிட்டது என்று அழுபவர்களுக்கு. கர்ணன் சாவான் என்று ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆனாலும் கர்ண மோட்சம் அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம், விடிய விடிய ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

கொஞ்சம் வழி மாறுகிறேன். 2005 வாக்கில் தர்மபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு 20 ரூபாய் கொடுத்து ஜிடிஏ வைஸ் சிட்டி ஆடுவோம், நான்கு பேர், ஆளுக்குக் கால் மணி நேரம். அதற்குக் கதை இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. சீட் கோடு போட்டு டாங்கி வரவழைப்பது, போலீஸிடம் ஓடுவது, அவ்வளவுதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் தீவுக்குப் போக முடியாது, தடுப்பு போட்டிருக்கும். சென்டர்க்கார அண்ணன் ஓசி காப்பி போட்டிருக்கிறார், அதனால்தான் பாதி ஊர் வரவில்லை என்று ஒரு வருஷம் நம்பினோம். மிஷன் முடித்தால்தான் பாலம் திறக்கும் என்று யாரோ சொல்லி, அந்த பொம்மை ஹெலிகாப்டர் மிஷனில் மாட்டிக்கொண்டு, ஒரு தீபாவளிக் காசு முழுக்க அதிலேயே போனது. இன்றைக்கு யாராவது "ஓப்பன் வேர்ல்ட்" என்றால் எனக்கு அந்தத் திறக்காத பாலம்தான் ஞாபகம் வரும். உலகம் பெரிதாக இருப்பதைவிட அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நம்மை ஏங்க வைத்தால் போதும்.

சுஷிமாவை நான் சொல்வது இதனால்தான். 1274-ல் மங்கோலியர்கள் ஜப்பானின் சுஷிமா தீவில் இறங்கியது உண்மை வரலாறு. அதில் ஜின் சகாய் என்ற கற்பனை சாமுராயை வைத்திருக்கிறார்கள். நேருக்கு நேர் நின்று பேர் சொல்லிச் சண்டை போடுவதுதான் முறை என்று வளர்த்த மாமன், அந்த முறையில் போனால் தீவே மிஞ்சாது என்று இருட்டில் முதுகில் குத்தப் பழகும் மருமகன். மாமன் மருமகன் கதை நமக்குச் சொல்லித் தர வேண்டுமா என்ன. நல்லவன் கெட்டவன் என்று பிரிக்காமல் இருவர் பக்கமும் நியாயத்தை வைத்து, கடைசியில் இருவரையும் எதிரெதிரே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.

உங்களுக்கு முக்கியம் இது: திரையில் ஓரமாகக் குட்டி மேப் கிடையாது. போக வேண்டிய பக்கம் காற்று வீசும். புல் சாய்கிற பக்கம் குதிரையைத் திருப்பினால் போதும். வழியில் நரி ஒன்று வந்து நின்று பார்க்கும், பின்னாலேயே போனால் ஒரு சின்னக் கோயிலுக்குக் கூட்டிப் போகும். என் மகளுக்கு ஐந்து வயது, அவளுக்கு அந்த கேமின் பெயரே "நரி கேம்"தான், சண்டை வந்தால் எழுந்து போய்விடுவாள், நரி வந்தால் கூப்பிட வேண்டும். நரிகளும் எண்ணிக்கைதான், நானும் கடைசியில் எண்ணினேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் இருபத்தைந்து முப்பது மணி நேரத்தில் கதை முடிந்துவிடும், உங்கள் கணக்கில் ஒரு மாதம். 2024 மே மாதம் கம்ப்யூட்டருக்கு வந்தது, குறைந்தபட்சம் 8 ஜிபி ராம் போதும், 75 ஜிபி இடம் வேண்டும். கிராபிக்ஸை இறக்கி வைத்து ஆடுங்கள்.

இப்போது ரெட் டெட் 2. ஏன் பாதியில் விட்டீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஆரம்பப் பனி மலையிலேயே விட்டிருந்தால் அது உங்கள் தப்பில்லை, அந்த முதல் அத்தியாயம் முடியவே ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும், குதிரை பனியில் நடக்கும், இவர்கள் பேசிக்கொண்டே போவார்கள். (ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கிய கேம் பிடிக்காவிட்டால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் காசு திரும்பக் கிடைக்கும். இந்த கேம் சுவாரசியமாக ஆகும்போது அந்தக் கெடு முடிந்திருக்கும், யோசித்துத்தான் செய்தார்களோ!) மலையை விட்டு இறங்கிய பிறகுதான் கேம் தொடங்குகிறது. வாலன்டைன் என்ற ஊரில் ஓர் ஆட்டு மந்தையைத் திருடி ஓட்டிக்கொண்டு போய் ஏலத்தில் விற்கும் மிஷன் ஒன்று வரும், எனக்கு அதை ஆடும்போது தர்மபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்கள்தான் கண்ணுக்குள் வந்தன. நம் பக்கத்தில் எத்தனை கல் மாடு மீட்கப் போய்ச் செத்தவனுக்கு நட்டது. இங்கே நாம் ஓட்டிக்கொண்டு போகிறவன் பக்கம் இருக்கிறோம். 1899 அமெரிக்கா, துப்பாக்கிக் கூட்டங்களின் காலம் முடிகிற நேரம், நாம் ஆடும் ஆர்தருக்கு அது கொஞ்சம் கொஞ்சமாகப் புரிகிறது, தலைவன் டச்சுக்குப் புரியவில்லை.

நான் ஓசூருக்கு ஷிப்ட் வேலைக்குப் போய் வருகிறவன். கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, சாப்பிட்டு, பத்து மணிக்கு உட்கார்ந்தால் பதினொன்று வரை ஆர்தர் குதிரையில் போய்க்கொண்டே இருப்பார். ஒரு நாள் என் அம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஏன்டா, மூணு வாரமா போறான், இன்னுமா ஊர் வரல?" என்றார். அந்த கேமுக்கு அதைவிடச் சரியான விமர்சனம் நான் படித்ததில்லை. அதற்கு 150 ஜிபி இடம் வேண்டும், எங்கள் வீட்டு பிராட்பேண்டில் நாலு ராத்திரி இறங்கியது, மூன்றாம் ராத்திரி சாக்கடைக்குப் பள்ளம் தோண்டிய ஜேசிபி கேபிளை அறுத்துவிட்டது. நல்லவேளை, விட்ட இடத்திலிருந்து இறங்கும். மின்வெட்டு இருக்கிற ஊரில் ஆடுகிறீர்கள் என்றால் யூபிஎஸ் இல்லாமல் நீள மிஷனை ஆரம்பிக்காதீர்கள்.

இன்னொரு விஷயம், இவ்வளவு பெரிய கேம் இரண்டை அடுத்தடுத்து ஆடாதீர்கள். நடுவில் சின்னதாக ஒன்று. மாஃபியாவின் 2020 மறு ஆக்கம் பத்துப் பன்னிரண்டு மணி நேரம்தான், 1930-களில் ஒரு டாக்ஸி டிரைவர் ரவுடிக் கூட்டத்தில் சிக்குவது, ஊர் பெரிதாக இருக்கும் ஆனால் சுற்றச் சொல்லித் தொல்லை செய்யாது. இன்னும் சின்னதாக வேண்டுமென்றால் ஃபயர்வாட்ச், நாலு மணி நேரம், காட்டில் தனியாகக் காவல் கோபுரத்தில் இருப்பவனும் வாக்கி டாக்கியில் ஒரு பெண் குரலும், ஒரு துப்பாக்கிகூடக் கிடையாது. அது முழுக்கப் பேச்சு, ஆங்கில சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு ஆடுங்கள். சப்டைட்டில் எல்லா கேமிலும் போடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடைசியாகக் கேட்க மறந்தேன். விட்சர் முடித்தேன் என்றீர்களே, பிளட் அண்ட் வைன் ஆடினீர்களா? 2016-ல் வந்த டிஎல்சி, அதாவது கூடுதல் கதைப் பகுதி, தூசான் என்று வேறு ஒரு நாடே திறக்கும், திராட்சைத் தோட்டமும் வெயிலுமாக, வெலன் சேற்றில் புரண்டுவிட்டுப் போனால் குளித்த மாதிரி இருக்கும். முழு எடிஷன் வாங்கியிருந்தால் அது ஏற்கனவே உங்களிடம் இருக்கிறது. அப்படியானால் முதலில் அது, அப்புறம் மாஃபியா, அப்புறம் ஸ்டீம் சேல் வரும்போது சுஷிமா. ரெட் டெட் எங்கே என்றால், கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்யாமல் இருந்தால் கேமை நீக்கியிருந்தாலும் டாக்குமென்ட்ஸ் போல்டருக்குள் அதைச் செய்த ராக்ஸ்டார் கம்பெனி பெயரில் சேவ், அதாவது நீங்கள் ஆடி நிறுத்திய இடத்தின் பதிவு, கிடக்கும். இருக்கிறதா என்று பார்த்து, எந்த அத்தியாயத்தில் நிற்கிறது என்று கீழே எழுதுங்கள். மூன்றைத் தாண்டியிருந்தால் என் வரிசையை மாற்றிச் சொல்வேன்.