கரீபியனில் பாய்மரப் படகு எடுத்து ஒரு வாரம்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

நாங்கள் நியூ ஜெர்சியில் இருக்கிறோம். நானும் கணவரும் பிள்ளைகளுமாக நான்கு முறை பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளில் படகு வாடகைக்கு எடுத்துச் சுற்றியிருக்கிறோம். போய் வந்ததைச் சொன்னதும் நிறையப் பேர் கேள்வி அனுப்பினார்கள், ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

அக்கா, கரீபியனில் எத்தனையோ தீவு இருக்கிறது. முதல் தடவை போகிறவர்கள் எங்கே தொடங்கலாம்?

பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகள்தான், இதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. டோர்டோலா பெரிய தீவு, அதன் தெற்கே நார்மன், பீட்டர், சால்ட், கூப்பர் என்று சின்னத் தீவுகள் வரிசையாக நிற்கும், நடுவில் சர் பிரான்சிஸ் டிரேக் கால்வாய். இருபக்கமும் தீவு மறைப்பதால் பெருங்கடல் அலை உள்ளே அவ்வளவாக வராது. ஒரு தீவிலிருந்து அடுத்தது பெரும்பாலும் ஐந்து பத்து கடல் மைல்தான், போக வேண்டிய இடம் கிளம்பும்போதே கண்ணுக்குத் தெரியும். கடல்நீர் ஏற்ற இறக்கம் ஒரு அடி அளவுதான், அதனால் ஏற்ற இறக்க அட்டவணையை வைத்துக் கணக்குப் போடும் வேலை இல்லை. காற்றும் கிழக்கிலிருந்தே வரும், நம் மீனவர்கள் கொண்டல் என்பார்களே அந்தத் திசை. செலாவணி அமெரிக்க டாலர்.

எந்த மாதம் நல்லது? பிள்ளைகளுக்கு டிசம்பரில்தான் லீவு.

டிசம்பரில் போகலாம், ஆனால் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு போங்கள். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்கள்தான் வருடத்திலேயே விலை உச்சம். அப்புறம் அந்தச் சமயத்தில் காற்று வழக்கத்தைவிடப் பலமாக அடிக்கும், அங்கே அதற்கு ‘கிறிஸ்துமஸ் காற்று’ என்றே பேர், 25 நாட் (மணிக்குச் சுமார் 46 கிலோமீட்டர்) வேகத்தில் சில நாள் தொடர்ந்து வீசும். பழகியவர்களுக்கு அது கொண்டாட்டம், புதியவர்களுக்குக் கை வலிக்கும். எனக்குப் பிடித்தது மே மாதம்: காற்று மிதமாகி, விலை இறங்கி, கூட்டம் கலைந்திருக்கும். சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை, அதில் ஆகஸ்டு பாதியிலிருந்து அக்டோபர் வரை நான் போகவே மாட்டேன். 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா சூறாவளி இந்தத் தீவுகளின் மேலேயே கடந்து போனது, வாடகைப் படகுகள் துறைமுகத்துக்குள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. அதனால் எந்த மாதமானாலும் ஒப்பந்தத்தில் ‘பெயரிடப்பட்ட புயல்’ வந்தால் பணம் திரும்புமா, தேதிதான் மாறுமா என்ற வரியைத் தேடிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

உரிமம் வேண்டுமா மேடம்? காலேஜில் சின்னப் பாய்ப்படகு ஓட்டியிருக்கிறேன், அவ்வளவுதான்.

அங்கே மத்தியதரைக் கடல் நாடுகள் மாதிரி சான்றிதழ் கேட்டு நிற்பதில்லை. நீங்கள் எந்த அளவுப் படகை எங்கே எத்தனை நாள் ஓட்டினீர்கள், நங்கூரம் போட்டு இரவு தங்கியிருக்கிறீர்களா என்று ஒரு படிவம் கேட்பார்கள், அதைப் பார்த்து நிறுவனம் முடிவு செய்யும். அந்தப் படிவத்தில் கூட்டி எழுதாதீர்கள். நாற்பத்தைந்து அடிப் படகில் உங்களை நம்பி ஏழு பேர் இருப்பார்கள். சின்னப் படகில் கற்ற காற்று ஞானம் வீண் போகாது, ஆனால் பெரிய படகை நிறுத்துவது வேறு வித்தை. முதல் மூன்று நாளுக்கு ஸ்கிப்பர், அதாவது சம்பளத்துக்கு வரும் படகோட்டி, எடுங்கள். அவரை ஓட்ட விட்டு உட்கார்ந்திருக்காமல், நீங்கள் ஓட்ட, அவர் பக்கத்தில் நிற்கட்டும். நாள் ஒன்றுக்கு 250, 300 டாலர் ஆகும், சாப்பாடும் அவருக்கு ஓர் அறையும் கொடுக்க வேண்டும். அறைக் கணக்கில் அவரைச் சேர்க்க மறந்துவிட்டு கடைசியில் ஒருவர் ஹாலில் படுப்பது எல்லாக் குழுவிலும் நடக்கிறது.

எட்டுப் பேர் போனால் என்ன செலவு? கட்டமரான் எடுப்பதா, ஒற்றை உடல் படகா?

எட்டுப் பேர், அதில் பெரியவர்களும் உண்டு என்றால் கட்டமரான். சாயாது, சமையலறையும் உட்காரும் இடமும் ஒரே தளத்தில் இருக்கும். (பேர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான், ஆனால் இது மரங்களைச் சேர்த்துக் கட்டியது இல்லை, இரண்டு தனி உடல்களை மேலே ஒரு தளம் இணைக்கிறது.) பாய்மர ஓட்டத்தின் உண்மையான ருசி ஒற்றை உடல் படகில்தான், நான்கு பேர் என்றால் அதையே சொல்வேன், வாடகையும் குறைவு. நான்கு அறைக் கட்டமரான் குளிர்காலத்தில் வாரத்துக்குப் பத்தாயிரம் டாலரைத் தாண்டும், மே கடைசிக்குப் பிறகு இன்னும் இறங்கும். விளம்பரத்தில் போடும் தொகையோடு நிற்காது: சேதக் காப்பீடு, பயண அனுமதி, டீசல், தண்ணீர், படகைக் கட்டி நிறுத்தும் மிதவைக்கு இரவுக்கு 40, 50 டாலர் கட்டணம். வாடகையில் நாலில் ஒரு பங்கை இவற்றுக்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத்தான் நான் கணக்கே தொடங்குவேன்.

இந்திய பாஸ்போர்ட், சென்னையிலிருந்து வருகிறோம்.

அமெரிக்கா வழியாக வந்தால் விமானம் மாறுவதற்குக்கூட அமெரிக்க விசா வேண்டும், அதை முதலில் முடியுங்கள். தீவுகளின் நுழைவு விதியைப் பணம் கட்டும் முன் அவர்கள் குடிவரவுத் துறையின் பக்கத்தில் பாருங்கள். 2023இலிருந்து மயாமியிலிருந்து நேராக டோர்டோலாவை ஒட்டிய பீஃப் ஐலண்டுக்கு விமானம் இருக்கிறது, இல்லையென்றால் பக்கத்து அமெரிக்கத் தீவான செயின்ட் தாமஸில் இறங்கி ஃபெர்ரியில் ஒரு மணி நேரம் போல. ஃபெர்ரி மாலையோடு முடிந்துவிடும், மதியத்துக்கு மேல் இறங்கும் விமானத்தை நம்பி அன்றைக்கே படகேறத் திட்டம் போடாதீர்கள். பக்கத்து செயின்ட் ஜான் அமெரிக்க மண். படகில் அங்கே போனால் சுங்கம், குடிவரவு எல்லாம் உண்டு. ஐரோப்பிய பாஸ்போர்ட் வைத்திருக்கும் சொந்தக்காரர்கள் கூட வந்தால், வாடகைப் படகில் நுழைய எஸ்டா (விசா இல்லாமல் அமெரிக்கா வர இணையத்தில் வாங்கும் அனுமதி) மட்டும் போதாது, விசா கேட்பார்கள்.

நாங்கள் சைவம். சமாளிக்க முடியுமா?

தாராளமாக. படகில் கேஸ் அடுப்பு இருக்கும். மூன்று லிட்டர் குக்கரை நான் பெட்டியில் துணிக்கு நடுவே வைத்து எடுத்துப் போவேன், கூடவே பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், கொஞ்சம் சாம்பார் பொடி. அரிசி, காய்கறி, தயிர் டோர்டோலாவில் உள்ள தலைநகர் ரோடு டவுன் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும், எல்லாம் கப்பலில் வருவதால் விலை கூடத்தான். ஒருமுறை இட்லி மாவு கரைத்து எடுத்துப்போனேன், அந்த வெக்கையில் மதியத்துக்குள் பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு குளிர்பெட்டி முழுக்க வழிந்துவிட்டது, அதற்குப் பிறகு ரவைதான். ஓடும்போது சமைக்காதீர்கள். காலையில் கிளம்பும் முன் புளியோதரை கிளறி டப்பாவில் போட்டுவிட்டால் பாயை ஏற்றிக்கொண்டு அப்படியே கையில் எடுத்துச் சாப்பிடலாம்.

மிதவையில் படகைக் கட்டுவது கஷ்டம் என்கிறார்களே?

கஷ்டம் என்று சொல்ல மாட்டேன். அவசரப்பட்டால்தான் சிக்கல். காற்றுக்கு எதிராக முகத்தை வைத்து, நடக்கிற வேகத்துக்கும் கீழே வாருங்கள். முன்னால் நிற்பவர் கொக்கிக் கோலால் மிதவை இருக்கும் திசையைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், ஏனென்றால் கட்டமரானில் சுக்கான் பிடிப்பவருக்குக் கடைசிப் பத்தடியில் அது கண்ணில் படாது. சத்தம் போட்டுப் பேசினால் இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்காது, கைச் சைகையை முந்தின நாளே பேசி வையுங்கள். மிதவையோடு வரும் கயிற்றின் நுனி வளையத்தைத் தூக்கி, உங்கள் படகின் சொந்தக் கயிற்றை அதற்குள் நுழைத்து அதே பக்கத்துக்கே திருப்பிக் கட்டுங்கள். கட்டமரான் என்றால் இந்தப் பக்க உடலிலிருந்து ஒன்று, அந்தப் பக்கத்திலிருந்து ஒன்று, மேலிருந்து பார்த்தால் ‘வி’ மாதிரி விரிந்திருக்கும். அவர்கள் கயிற்றையே இழுத்து நேராகப் படகில் மாட்டக் கூடாது. கட்டிய பிறகு ஒருவர் கண்ணாடி போட்டுக் குதித்து, அடியில் சங்கிலி எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு வரட்டும்.

டிங்கியை மறக்காதீர்கள். பின்னால் இழுத்து வருகிற அந்த ரப்பர் படகின் கயிறு நீளமாக இருந்து, நீங்கள் ரிவர்ஸ் போட்டால் நேராக ப்ரொப்பெல்லரில் போய்ச் சுற்றிக்கொள்ளும். கூப்பர் தீவில் எங்களுக்கு அது நடந்தது. இன்ஜின் டக்கென்று நின்றது, காற்று எங்களைப் பக்கத்துப் படகை நோக்கித் தள்ளுகிறது, நங்கூரத்தைப் போட்டு நிறுத்தி, என் கணவர் ரொட்டி வெட்டும் கத்தியோடு இறங்கி முக்கால் மணி நேரம் நூல் நூலாக அறுத்தார். அன்றிலிருந்து இன்ஜினைத் தொடும் முன் டிங்கிக் கயிறு சுருக்கியாச்சா என்று கேட்பது எங்கள் சின்ன மகளின் வேலை.

அம்மாவுக்கு 68 வயது. வாந்தி வருமோ என்று பயப்படுகிறார்.

கால்வாய்க்குள் பெரும்பாலானோருக்கு வராது. மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, கிளம்பும் முன்பே போடச் சொல்லுங்கள், குமட்டல் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை. ஓடும்போது உள்ளே போகாமல் வெளியே உட்கார்ந்து தூரத்துத் தீவைப் பார்க்கட்டும். அவரை யோசிக்க வைக்க வேண்டியது டிங்கியில் ஏறி இறங்குவது, முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதுதான் சோதனை. இரண்டு பேர் கை கொடுங்கள்.

ஏழு நாளில் பாத்ஸ், அனெகாடா, ஜோஸ்ட் வான் டைக், செயின்ட் ஜான் எல்லாம் முடிக்கலாமா?

முடிக்கலாம், ஆனால் எதையும் பார்த்திருக்க மாட்டீர்கள். செயின்ட் ஜானை விடுங்கள், சுங்க வரிசையில் அரை நாள் போய்விடும். என் கணக்கு எளிது: ஒவ்வொரு நாளும் மதியம் இரண்டு மணிக்குள் அன்றைய இரவு இடத்தில் கட்டிவிட வேண்டும். மிதவை காலியாக இருக்கும், சூரியன் உச்சியில் இருப்பதால் தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது என்றும் தெரியும். கருநீலம் ஆழம், வெளிர் பச்சை மணல், பழுப்பு தெரிந்தால் பவளப்பாறை, விலகிப் போங்கள். சாயங்கால வெயில் முகத்தில் அடிக்கும்போது இது எதுவும் தெரியாது.

வர்ஜின் கோர்டாவின் பாத்ஸ், வீடு அளவுக் கருங்கற்பாறைகள் குவிந்து நடுவில் கடல்நீர் தேங்கும் இடம், காலை எட்டுக்குள் போனால்தான் பகல் மிதவை கிடைக்கும். அங்கே டிங்கியைக் கரையேற்றக் கூடாது, கயிற்றில் கட்டிவிட்டு நீந்திப் போக வேண்டும், சிவப்புக் கொடி பறந்தால் அன்றைக்கு இல்லை. அனெகாடாவுக்கு வர்ஜின் கோர்டாவின் வடக்கு விரிகுடாவான நார்த் சவுண்டிலிருந்து 12, 13 கடல் மைல். அதன் உச்சியே எட்டரை மீட்டர்தான், கரைக்கு முன்னால் மரங்களின் தலைதான் முதலில் தெரியும். சுற்றியுள்ள ஹார்ஸ்ஷூ பவளத்திட்டில் நூற்றுக்கணக்கான கப்பல்கள் உடைந்திருக்கின்றன, சில நிறுவனங்கள் ஸ்கிப்பர் இல்லாமல் அனுப்புவதில்லை. போகிற வாய்க்காலில் வழிகாட்டும் மிதவைகளின் நிறம் கவனம்: இந்தியாவில் துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு இடது கை, அமெரிக்கக் கண்டம் பக்கம் சிவப்பு வலது கை. போனால் அங்கே இரண்டு இரவு தங்குங்கள்.

நீச்சல் தெரியாத ஆறு வயதுப் பையன் வருகிறான்.

அவன் அளவுக்குப் பொருந்தும் லைஃப் ஜாக்கெட்டை ஊரிலிருந்தே வாங்கிப் போட்டுப் பழக்கிக் கொண்டுபோங்கள். தளத்தில் கால் வைத்தால் ஜாக்கெட், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கடற்கரையில் சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி பழம் கிடந்தால் தொட விடாதீர்கள், அது மான்சினீல், பால் பட்டாலே தோல் கொப்பளிக்கும். மழைக்கு அந்த மரத்தடியில் ஒதுங்கவும் கூடாது.

மார்ட்டினிக் பக்கம் நம் ஆட்கள் உண்டாமே? அங்கிருந்து படகு எடுக்கலாமா?

உண்டு. 1853இலிருந்து புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள், குவாதலூப்பில் இன்னும் அதிகம். மார்ட்டினிக்கின் லெ மரன் பெரிய படகுத் துறை. அங்கிருந்து தெற்கே செயின்ட் லூசியா, பெக்கியா, டொபாகோ கேஸ் வரை போகலாம், ஆனால் தீவுகளுக்கு நடுவே திறந்த அட்லாண்டிக் அலை, இருபது முப்பது மைல் தாண்ட வேண்டும். இரண்டாவது மூன்றாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுத் தீவுகளுக்குச் சாதாரண ஷெங்கன் விசா செல்லாது, கடல்கடந்த பகுதிக்கென்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

முதல் நாள் என்ன நடக்கும்?

மதியம் வாக்கில் படகை ஒப்படைப்பார்கள். ஒருவர் வந்து இன்ஜின், பம்பு, கழிவறை, பாய் எல்லாம் காட்டுவார், அதை மொத்தமாக போனில் வீடியோ எடுங்கள், நடுராத்திரியில் பம்பு நின்றால் அதுதான் கை கொடுக்கும். ஏற்கெனவே இருக்கும் கீறல்களையும் படம் எடுங்கள். நங்கூர மோட்டாரை உங்கள் கையால் இயக்கிப் பாருங்கள், டிங்கி இன்ஜினை நீங்களே இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள், அவர் செய்து காட்டியது போதாது. வானொலி 16ஆம் அலைவரிசை எப்போதும் திறந்திருக்கட்டும். அன்று இரவு துறையிலேயே தூங்குங்கள், சாமான் அடுக்கி முடிக்கவே இருட்டிவிடும். உருளைப் பெட்டி கொண்டுவராதீர்கள், வைக்க இடமே கிடையாது, மடிக்கிற பைதான். மறுநாள் காலை நார்மன் தீவின் பைட் விரிகுடா, ஆறு மைல் போல. காற்று பக்கவாட்டில் இருக்கும். வழியில் இன்ஜினை அணைத்துவிடுங்கள், தண்ணீர் படகின் உடலை உரசுகிற சத்தம் மட்டும் கேட்கும். பிள்ளைகள் அப்போது தானாகவே பேச்சை நிறுத்திவிடுவார்கள்.