வாசகர் கேள்வி–பதில்: ஆண்டுக் கணக்கு இடிக்கும்போது

ஆடுபவர்கள் ஆளுக்கொரு பாத்திரமேற்று ஆடும் ரோல்-பிளேயிங் கேம்களின் கற்பனை உலகங்களில் ஆண்டும் தேதியும் ஒன்றோடொன்று மோதுவதைப் பற்றி மலையூர்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

குன்னூர் வாசகர்: 'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' கணினி ஆட்ட வரிசையில் மாரோவிண்ட் மூன்றாம் யுகம் 427-இல் நடக்கிறது, ஸ்கைரிம் நான்காம் யுகம் 201-இல். இடைவெளி 200 ஆண்டு என்கிறான் நண்பன். ஆன்லைன் ஆட்டம் இரண்டாம் யுகம் 582. அது ஸ்கைரிமுக்கு ஆயிரம் ஆண்டு முந்தியது என்கிறார்கள். எனக்கு எந்தக் கணக்கும் ஒத்துவரவில்லை.

உங்கள் நண்பர் சொல்லும் 200, அதே வரிசையின் ஆப்லிவியன் ஆட்டத்திலிருந்து எண்ணியது. அது நடப்பது மூன்றாம் யுகம் 433-இல். அந்த ஆண்டோடு அந்த யுகமே முடிகிறது. அங்கிருந்து ஸ்கைரிமுக்கு 201 ஆண்டு. மாரோவிண்ட் இன்னும் 6 ஆண்டு முந்தியது என்பதால் 207.

யுகம் மாறும் இடத்தில்தான் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். அதற்கு ஒரே வழி, எல்லாத் தேதிகளையும் ஒரே தொடர் எண்ணாக மாற்றிவிட்டுப் பிறகு கழிப்பது. முதல் யுகம் 2920 ஆண்டு, இரண்டாவது 896, மூன்றாவது 433. ஆகவே இரண்டாம் யுகத் தேதியோடு 2920-ஐக் கூட்டுங்கள், மூன்றாம் யுகத்தோடு 3816-ஐ, நான்காம் யுகத்தோடு 4249-ஐ. ஆன்லைன் ஆட்டம் 3502, மாரோவிண்ட் 4243, ஸ்கைரிம் 4450 என்று வரும். ஆன்லைனுக்கும் ஸ்கைரிமுக்கும் இடைவெளி 948. 'ஆயிரம் ஆண்டு' என்பது வாய்ப்பேச்சில் முழுமையாக்கிய எண். அதைப் பிழை என்று குறித்துவைக்காதீர்கள். ஒரு பாத்திரம் 'நூறு வருஷம் முன்னால' என்று சொன்னால் அதை 80-க்கும் 120-க்கும் நடுவில் எங்கேயும் வைக்கலாம். '97 வருஷம்' என்று சொன்னால்தான் அந்த எண் உங்களைக் கட்டும்.

இன்னொன்று: பழைய யுகத்தின் கடைசி ஆண்டும் புதிய யுகத்தின் முதல் ஆண்டும் ஒரே ஆண்டுக்குள் விழுந்திருந்தால், ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓராண்டு குறையும். யுக எல்லையைத் தாண்டும் எந்தக் கணக்குக்கும் ஓராண்டு தளர்வு கொடுத்துவிடுங்கள்.

கோத்தகிரி வாசகி: எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையின் டாகர்ஃபால் ஆட்டத்துக்குப் பல முடிவுகள். அடுத்த ஆட்டத்தில் எல்லாமே நடந்ததாகச் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டு ஆட்டத்தில் இரண்டு குழுக்கள் ஒரே சம்பவத்தை இரு விதமாக முடித்துவிட்டன. நாங்களும் அதே வழியைப் பிடிக்கலாமா?

பிடிக்கலாம், ஒரே ஒருமுறை. 1996-இல் வந்த டாகர்ஃபாலில் நூமிடியம் என்ற பேருருவத்தை யாரிடம் ஒப்படைப்பது என்பது ஆடுபவர் கையில் இருந்தது. 2002-இல் மாரோவிண்டை உருவாக்கியவர்கள் அந்த முடிவுகளில் ஒன்றைத் தேர்ந்து மற்றவற்றைத் தள்ளவில்லை. மூன்றாம் யுகம் 417-இல் காலமே உடைந்து, ஒன்றுக்கொன்று முரணான முடிவுகள் சேர்ந்தே நிகழ்ந்தன என்று ஆட்டத்துக்குள் கிடைக்கும் நூல்களில் எழுதினார்கள். 'டிராகன் பிரேக்' என்று பெயர் வைத்தார்கள்.

அது எடுபட்டதற்குக் காரணம், அதற்கு வேலி போட்டிருந்தார்கள். இடம் இலியாக் வளைகுடா மட்டும். காலம் சில நாள். விளைவும் கண்ணுக்குத் தெரிந்தது: சிதறிக்கிடந்த குட்டி அரசுகள் மறைந்து டாகர்ஃபால், சென்டினல், வேரெஸ்ட், ஆர்சீனியம் என நான்கு மிஞ்சின. நீங்கள் செய்வதானால் எந்த ஊர், எத்தனை நாள், முடிந்தபின் எது மிஞ்சியது என்ற மூன்றையும் முதலில் எழுதி வையுங்கள். அந்த நாட்களில் அங்கே இருந்தவர்களுக்கு இரண்டு நினைவும் இருக்கட்டும். இரண்டாம் முறை இதைக் கையில் எடுத்தால், 'எது நடந்தாலும் பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று ஆடுபவர்கள் நினைக்க ஆரம்பித்துவிடுவார்கள். அதன்பின் உங்கள் உலகத்தில் எந்தத் தேதிக்கும் கனமிருக்காது.

ஊட்டி வாசகர்: டி அண்ட் டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்) ஆட்டத்தின் கற்பனை உலகமான ஃபர்காட்டன் ரெல்ம்ஸில் ஆடுகிறோம். ஃப்ளேம்ரூல் 25-இல் கிளம்பிய குழு, எலியாசிஸ் 5-இல் வந்து சேர்ந்தது. பத்து நாள் என்று எழுதினேன், பதினொன்று என்கிறார்கள். ஏன்?

அவர்கள் சொல்வது சரி. சில ஆண்டுகளில் அது பன்னிரண்டாகவும் இருக்கும். அந்த உலகத்தின் ஹார்ப்டோஸ் நாட்காட்டியில் மாதம் 12, ஒவ்வொன்றும் 30 நாள். எந்த மாதத்திலும் சேராத 5 திருநாட்கள் மாதங்களுக்கு இடையே நிற்கும். மொத்தம் 365. ஃப்ளேம்ரூலுக்கும் எலியாசிஸுக்கும் நடுவில் மிட்சம்மர் திருநாள் வருகிறது. 25-இலிருந்து 30 வரை 5 நாள், மிட்சம்மர் 1, எலியாசிஸில் 5, ஆக 11. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை மிட்சம்மரை அடுத்து ஷீல்ட்மீட் என்ற இன்னொரு நாளும் சேரும். ஆண்டு எண் நான்கால் மீதமின்றி வகுபட்டால், உதாரணமாக 1372, விடை 12.

இந்த உலகில் இன்னொரு கண்ணி வாரம். அங்கே வாரத்துக்குப் பத்து நாள். ஏழு நாள் வார நினைப்பில் 'மூன்று வாரம்' என்று எழுதிவிட்டு முப்பது நாள் தேதியைப் போட்டால் அங்கேயே 9 நாள் இடித்துக்கொண்டு நிற்கும். முரண் தெரிந்ததும் வித்தியாசத்தைப் பாருங்கள். 1, 2 என்றால் திருநாள் விடுபட்டிருக்கும். வாரத்துக்கு மூன்று மூன்றாக, 3, 6, 9 என்று இருந்தால் வாரக் குழப்பம். சுமார் நூறு ஆண்டு என்றால் பதிப்புக் குழப்பம்: டி அண்ட் டி விதிநூலின் மூன்றாம் பதிப்பில் உலகம் 1372-இல் தொடங்குகிறது, நான்காம் பதிப்போ 1385-இன் மந்திரப் பேரழிவைத் தாண்டி 1479-க்குத் தாவுகிறது. 1372-இல் முப்பது வயதான மனிதர் 1479-இல் கடை வைத்திருக்க முடியாது. அதே ஆள் எல்ஃப் என்ற கற்பனை இனத்தவர் என்றால் கவலையே இல்லை. அவர்களுக்கு 750 வயது வரை ஆயுள். ட்வார்ஃப் என்ற குள்ளர் இனத்துக்குச் சராசரி 350.

பண்ணைக்காடு வாசகர்: குளோரந்தா என்ற ஆட்ட உலகத்தில் என் பாத்திரத்துக்கு 20 வயது. அதே அனுபவமுள்ள நம்மூர் ஆளுக்கு எத்தனை வயது?

பதினாறு. அங்கே ஆண்டு 294 நாள்: எட்டு வாரம் கொண்ட ஐந்து பருவங்கள் 280 நாள், இறுதியில் புனிதக் காலம் 14 நாள். 20-ஐ 294-ஆல் பெருக்கி 365-ஆல் வகுத்தால் 16.1.

கூடலூர் வாசகி: நாங்களே எழுதிய உலகம். ஒன்பது அரசர்களின் ஆட்சியாண்டுகளைக் கூட்டினால் 312. ஆனால் வம்சம் தொடங்கி முடிந்தது 300 ஆண்டுக்குள் என்று கல்வெட்டுக் காட்சியில் எழுதிவிட்டோம், ஆடுபவர்களும் படித்துவிட்டார்கள்.

இந்த 12 ஆண்டை எதையும் அடித்து எழுதாமல் சரிசெய்யலாம். நம் கல்வெட்டுகளே வழி காட்டுகின்றன.

ஓர் அரசன் ஆண்டின் நடுவில் இறந்தால், அந்த ஆண்டு அவனுக்கும் எண்ணப்படும், அடுத்து வந்தவனுக்கும் முதலாண்டாக எண்ணப்படும். ஒன்பது அரசர்களுக்கு எட்டு கைமாற்றங்கள். ஒவ்வொன்றிலும் ஓராண்டு இரண்டுமுறை விழுந்தால் அதிலேயே 8 போய்விடுகிறது. மிச்சம் 4. அதற்கு இணையாட்சி இருக்கிறது. முதலாம் இராசராசன் 985-இல் முடிசூடினான்; அவனுடைய 29-ஆம் ஆட்சியாண்டு வரை கல்வெட்டுகள் உண்டு, அதாவது 1014 வரை. இராசேந்திரனின் ஆட்சியாண்டோ 1012-இலிருந்தே எண்ணப்படுகிறது, தந்தை இருக்கும்போதே இளவரசுப் பட்டம் கட்டியதால். இருவர் ஆண்டையும் அப்படியே கூட்டுகிறவர் இரண்டு ஆண்டு கூடுதலாக எண்ணுவார். உங்கள் வம்சத்தில் ஏதேனும் இரண்டு இடத்தில் மகனுக்கு இரண்டிரண்டு ஆண்டு முன்பே பட்டம் கட்டிவிடுங்கள். கணக்கு 300-இல் வந்து நிற்கும். அதோடு, தந்தையும் மகனும் ஒரே சமயம் ஆணை பிறப்பித்த அந்த இரண்டு ஆண்டுகள் நல்ல கதைக்களமும் ஆகும்.

பாண்டியர் கல்வெட்டுகளில் 'யாண்டு இரண்டாவதின் எதிர் பதின்மூன்றாவது' போன்ற வாசகம் வரும். அது 2-உம் 13-உம் கூட்டிய 15-ஆம் ஆண்டு. ஒரு பாத்திரம் இதைப் பாதி மட்டும் படித்து 13 என்று நினைத்துக்கொண்டான் என்று வைத்தாலும் இரண்டாண்டுப் பிழைக்கு உலகத்துக்குள்ளேயே காரணம் கிடைக்கும்.

கொடைக்கானல் மாணவர் குழு: எங்கள் உலகம் பழனி மலை போன்ற மலை. மேல்மலைக்காரர்கள் குறிஞ்சி பூப்பதை வைத்து ஆண்டு எண்ணுவார்கள், அடிவார அரசு அறுபது ஆண்டுப் பெயர்களை வைத்திருக்கிறது. 'மூன்றாம் பூவில் தந்தை இறந்தார், நான்காம் பூவில் மகள் பிறந்தாள்' என்று எழுதிவிட்டோம். இது முடியாத காரியம்தானே?

முடியாதுதான், ஆனால் மாற்ற வேண்டியது ஒரு சொல். முதலில் உங்கள் அமைப்பைப் பாராட்ட வேண்டும், நீங்கள் கவனிக்காமலேயே அருமையான ஒரு பொருத்தத்தில் கை வைத்திருக்கிறீர்கள். குறிஞ்சி பூப்பது 12 ஆண்டுக்கு ஒருமுறை. அறுபதைப் பன்னிரண்டால் வகுத்தால் மீதமில்லாமல் ஐந்து. எனவே பூவாண்டு எப்போதும் அதே ஐந்து பெயர்களில்தான் விழும். கொடைக்கானலில் 2006-இல் பூத்தபோது விய ஆண்டு, 2018-இல் விளம்பி. அடுத்தது 2030, சாதாரண. பிறகு துந்துபி, பவ, மீண்டும் விய. உங்கள் உலகத்தில் யாராவது 'கீலக ஆண்டில் குறிஞ்சி பூத்தபோது' என்று சொன்னால், எழுதியவர் கை பிசகிவிட்டது அல்லது பேசுபவர் பொய் சொல்கிறார். இதைப் போன்ற தானியங்கிச் சோதனை பெரிய நிறுவனங்களின் உலகங்களில்கூட அபூர்வம். சுவரில் ஐந்து பெயரையும் எழுதி ஒட்டுங்கள்.

இனி மகள் விஷயம். 'மூன்றாம் பூவில்' என்பது பூத்த அந்தப் பருவமா, மூன்றாம் பூவுக்கும் நான்காம் பூவுக்கும் இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளா? நீங்கள் முதல் பொருளில் எழுதியிருப்பதால்தான் இடிக்கிறது. இரண்டாவது பொருளை விதியாக்கிவிட்டால், தந்தை மூன்றாம் பூக்காலத்தின் கடைசி ஆடியில் இறந்து, மகள் நான்காம் பூ விரிந்த ஆவணியிலோ புரட்டாசியிலோ பிறக்கலாம். இறப்புக்கும் பிறப்புக்கும் இடைவெளி ஒன்பது மாதத்துக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பூக்கள் பெரும்பாலும் ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் விரிவதால் எல்லையும் தெளிவாக இருக்கும்.

அறுபதாண்டுப் பெயரில் ஓர் ஆபத்து உண்டு. 'விளம்பியில் நடந்த போர்' என்று மட்டும் எழுதினால் அது எந்த விளம்பி? 1958, 2018 இரண்டும் விளம்பிதான். உங்கள் ஏட்டில் பெயருக்கு முன்னால் சுற்றின் எண்ணைப் போடுங்கள்: '7-ஆம் சுற்று விளம்பி'. பாத்திரங்கள் வாயில் சுற்று எண் வர வேண்டாம். அவர்கள் சொல்லாமல் விடுவதால் ஆடுபவர்கள் அறுபது ஆண்டு தவறாக ஊகிப்பது நல்ல புதிர்.

மலையில் இரு ஊர்களின் பூக்கணக்கு ஓரிரு ஆண்டு வேறுபட்டால் பதறாதீர்கள். நிஜத்திலும் எல்லாச் சரிவுகளும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை, குறிஞ்சியின் உறவுச் செடிகளுக்கு வேறு வேறு சுழற்சிகளும் உண்டு. எந்தச் சரிவு அடிவார அரசின் பெயரோடு ஒத்துப்போகிறது என்பதை மட்டும் முடிவு செய்துவிடுங்கள்.

வெலிங்டன் வாசகர்: காலவரிசையை எக்ஸெல்லில் ஏற்றினால் தேதிகள் தானாக மாறிவிடுகின்றன.

எக்ஸெலின் நாட்காட்டி 1900 ஜனவரி 1-இல்தான் தொடங்குகிறது. '5-8' என்று தட்டினால் அதை நம் ஆண்டின் தேதியாக மாற்றிவிடும். தட்டும் முன் அந்தப் பத்தியை 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றுங்கள். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனிப் பத்தியில் வெறும் எண்ணாக வையுங்கள். நான்காவது பத்தியில் தொடர் நாள் எண். ஹார்ப்டோஸ் போன்ற நாட்காட்டியானால் ஆண்டை 365-ஆல் பெருக்கி, ஷீல்ட்மீட் நாட்களைக் கூட்டி, முடிந்த மாதங்களுக்கு முப்பது முப்பதாகவும் கடந்த திருநாட்களுக்கு ஒவ்வொன்றாகவும் சேர்த்தால் அது வரும். வரிசைப்படுத்துவது இந்தப் பத்தியை வைத்துத்தான். ஐந்தாவது பத்தி முக்கியம்: இதைச் சொன்னது யார். விதிநூலா, டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) வாயால் சொன்னதா, ஒரு பாத்திரத்தின் நம்பிக்கையா? இரண்டு வரிகள் மோதும்போது பாத்திரம் சொன்னதுதான் முதலில் வளைய வேண்டும்.

அரவங்காடு வாசகி: மேட்டுப்பாளையம்–ஊட்டி பாதையைப் பார்த்து ஒரு மலைப்பாதை வரைந்தோம். தூதன் காலையில் கிளம்பி மாலையில் மேலே வந்து, அடுத்த நாள் நடக்கப்போகும் முற்றுகையைச் சொல்கிறான். சரியாக வருமா?

வராது. ரயில் பாதை 46 கிலோமீட்டர். பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறும் ரயிலுக்கே மேலே வர ஐந்து மணி நேரத்துக்குப் பக்கமாக ஆகிறது, இறங்க மூன்றரை. டி அண்ட் டி விதிப்படி சாதாரண நடை நாளுக்கு 24 மைல், அதாவது சுமார் 39 கிலோமீட்டர். கடினமான நிலத்தில் அது பாதியாகி 19. நடைபாதையும் அதே நீளம் என்று வைத்தால் ஏறுவதற்கு இரண்டரை நாள். முற்றுகை அதற்குள் தொடங்கிவிட்டிருக்கும். முற்றுகைத் தேதியை நகர்த்தாதீர்கள், அதில் வேறு பத்துச் சம்பவங்கள் தொங்கிக்கொண்டிருக்கும். தூதன் கிளம்பும் நாளை இரண்டு நாள் முன்னே தள்ளுங்கள். திரும்பி இறங்குவதற்கு இரண்டு நாள் போதும் என்று வைத்துக்கொள்ளலாம்.