கொடுக்காத ஆர்க்யுமெண்ட்டை நிரல் எப்படி அறியும்? கேள்வி பதில்

ரோஸ் ஹில்லிலிருந்து: அக்கா, கடை பில்லிங்குக்குப் பைத்தானில் எழுதிய ஃபங்ஷனில் வாட் விகிதம் ஒரு ஆர்க்யுமெண்ட் (ஃபங்ஷனுக்கு அனுப்பும் மதிப்பு). கொடுக்காவிட்டால் 15 சதவீதம் போட வேண்டும். டிஃபால்ட்டாக (கொடுக்காதபோது எடுத்துக்கொள்ளும் மதிப்பாக) ‘நன்’ வைத்தேன், அதாவது பைத்தானின் ‘எதுவுமில்லை’ மதிப்பு. வரிவிலக்குப் பொருளுக்கும் ‘நன்’தான் அனுப்புகிறேன், அதற்கும் 15 விழுகிறது.

‘நன்’ இரண்டு வேலை பார்க்கிறது தம்பி. நம் மொரிஷியஸ் வாட்டில் 15 சதவீதம், சுழிய விகிதம், வரிவிலக்கு என்று மூன்று உண்டு. பின்னிரண்டுக்கும் பில்லில் வரி வராது. ஆனால் சுழிய விகிதத்தில் விற்பவர், கொள்முதலில் கட்டிய வாட்டைத் திரும்பக் கோரலாம். விலக்கில் கோர முடியாது. எனவே 0, ‘நன்’, ‘எதுவும் தரவில்லை’ மூன்றும் தனித்தனியாக நிற்க வேண்டும்.

மாட்யூலின் தலையில் ஒரே ஒரு முறை ‘ஆப்ஜெக்ட்’டை அழைத்து, கிடைப்பதை ‘_தரவில்லை’ என்ற பெயரில் வையுங்கள். அதுவே டிஃபால்ட். ‘எதுவும் தரவில்லை’ என்பதைக் காட்ட வைக்கும் இப்படிப்பட்ட தனிக் குறிக்குச் சென்டினல் என்று பெயர். ஃபங்ஷனின் முதல் வரியில் ‘இஸ்’ (இரண்டும் ஒரே ஆப்ஜெக்ட்தானா என்று பார்ப்பது) கொண்டு சோதித்து, அதுவாக இருந்தால் 15 போடுங்கள். இரட்டைச் சமக்குறி வேண்டாம்: நம்பை நூலகத்தின் அரே (எண்களின் வரிசை) வந்தால் ஒப்பீட்டின் விடையே ஒரு அரே, ‘இஃப்’ பிழை எறியும். ‘விகிதம் ஆர் 15’ என்ற சுருக்கம் இன்னும் மோசம். 0 பொய்யாகக் கருதப்படுவதால், சுழிய விகிதப் பொருளுக்குச் சத்தமில்லாமல் 15 ஏறிவிடும்.

கத்ர் போர்னிலிருந்து: -1 வைத்தால் போதாதா?

போதாது. குறி, உண்மையான மதிப்புகளோடு கலக்கக் கூடாது. தேடிய எழுத்து இல்லையென்றால் பைத்தானின் ‘ஃபைண்ட்’ -1 தரும். அதை அப்படியே இண்டெக்ஸாக்கினால் கடைசி எழுத்து வரும், பிழை வராது. சி மொழியில் ஒரு பைட் படிக்கும் ‘கெட்சார்’ இன்ட் (முழு எண்) திருப்புவதும் இதனால்தான்: கோப்பு முடிந்ததற்கான குறி 0 முதல் 255 வரையிலான பைட்டுகளுக்கு வெளியே இருந்தாக வேண்டும். விடையைச் சாரில் (ஒரு பைட் வகை) வாங்கினால், சைன்ட் (குறை எண்ணும் ஏற்கும்) சாரில் 255 வந்ததும் கோப்பு முடிந்ததாகத் தோன்றும். அன்சைன்டில் லூப் முடியவே முடியாது.

குரேபிப்பிலிருந்து: பைத்தானின் தேதி-நேர வகையான டேட்டைமின் ‘ரீப்ளேஸ்’ஸுக்கு நேர வலயமாக ‘நன்’ கொடுத்தால் நம் +4 நீங்குகிறது. கொடுக்காவிட்டால் அப்படியே இருக்கிறது. எப்படி?

பைத்தானிலேயே எழுதிய அதன் வடிவத்தில் அந்த டிஃபால்ட் ‘ட்ரூ’. ‘ட்ரூ’ ஒருபோதும் நேர வலயமாகாது என்பதால் ஓடுகிறது. வரையறையைப் படிப்பவருக்கு ‘ட்ரூ கொடுக்கலாம்போல’ என்று படும். புதிதாக எழுதும்போது இதைப் பின்பற்றாதீர்கள்.

போர்ட் லூயிஸிலிருந்து: ‘ஆப்ஜெக்ட்’ வைத்தேன். ‘ஹெல்ப்’பில் நினைவக முகவரி தெரிகிறது, மைபை (வகைகளைச் சரிபார்க்கும் கருவி) திட்டுகிறது, வேறு பிராசஸுக்கு அனுப்பினால் ‘இஸ்’ தோற்கிறது.

மூன்றுக்கும் ஒரே மருந்து: ஒற்றை உறுப்பினர் கொண்ட ஈனம் (enum, பெயரிட்ட மதிப்புகளின் தொகுப்பு). மதிப்புகளைப் பைட்டுகளாக்கி அனுப்பும் பிக்கிள், வெற்று ஆப்ஜெக்ட்டைத் திறக்கும்போது புதிதாக ஒன்றைச் செய்கிறது, முழு நகல் எடுக்கும் டீப்காப்பியும் அப்படியே. ஈனம் உறுப்பினரோ திரும்ப அதே ஆளாக வரும். டைப் குறிப்பில் ‘லிட்டரல்’ போட்டு அந்த உறுப்பினரைச் சொன்னால், ‘இஸ்’ சோதனைக்குப் பிறகு மைபை வகையைச் சரியாகக் குறுக்கிக்கொள்ளும். ‘ஹெல்ப்’பில் தெரியும் எழுத்து வடிவமான ‘ரெப்ர்’ மட்டும் நீங்கள் எழுத வேண்டும். இந்தச் சுற்றுவழியே வேண்டாமென்று, சென்டினலுக்குத் தனி வசதி கேட்டு 2021இல் எழுதப்பட்டதுதான் பெப் 661 (பெப் என்பது பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவு).

ஈபேனிலிருந்து: சொந்தமாக ஒரு சிறு மொழி எழுதுகிறேன். சென்டினலை மொழிக்குள்ளேயே வைக்கலாமா?

முதலில் காமன் லிஸ்ப்பைப் பாருங்கள். விருப்ப ஆர்க்யுமெண்ட்டுக்குப் பெயர், டிஃபால்ட், மூன்றாவதாக இன்னொரு பெயர். அழைத்தவர் கொடுத்தாரா என்பதை மூன்றாவது சொல்லிவிடும். சென்டினலே தேவையில்லை. சிக்கல் ராப்பரில்தான், அதாவது இன்னொரு ஃபங்ஷனைச் சுற்றி எழுதும் ஃபங்ஷனில். பெயரிட்டு அனுப்பும் மூன்று விருப்ப ஆர்க்யுமெண்ட்டுகளை உள்ளே இருக்கும் ஃபங்ஷனுக்கு அப்படியே கடத்த, எவை வந்தன என்று பிரித்து 8 அழைப்புகள் எழுத நேரும், அல்லது பட்டியலாகச் சேர்த்து ‘அப்ளை’ செய்ய வேண்டும். சென்டினல் இருந்தால் ஒரே அழைப்பு.

ஆனால் அதைச் சாதாரண மதிப்பாக விட்டால் அரேக்குள் போகும், ஃபங்ஷனிலிருந்து திரும்பும், இரண்டாவது ‘நல்’ ஆகிவிடும். ஜாவாஸ்கிரிப்டின் ‘அன்டிஃபைன்ட்’ அப்படித்தான் ஆனது: அதை வெளிப்படையாக அனுப்பினாலும் டிஃபால்ட்தான் விழும், ‘நல்’ அனுப்பினால் விழாது. எனவே ‘தரவில்லை’ என்ற சொல்லை ஆர்க்யுமெண்ட் இடத்தில் மட்டும் பார்சர் (நிரலைப் படித்துப் பிரிக்கும் பகுதி) ஏற்கட்டும். மாறியில் வைத்தாலோ திருப்பி அனுப்பினாலோ கம்பைல் பிழை. டிஃபால்ட் இல்லாத விருப்ப ஆர்க்யுமெண்ட்டை ராப்பர் அப்படியே கடத்த மட்டும் அனுமதியுங்கள். அதன் மதிப்பைப் படிக்க வேண்டுமென்றால் ‘தந்தாரா’ சோதனைக்குப் பிறகுதான்.