நான்கு கால் பட்டாம்பூச்சி: அது காயம் இல்லை

வணக்கம். எருக்கஞ்செடியில் உட்கார்ந்த ஆரஞ்சு நிறப் பட்டாம்பூச்சிக்கு நான்கு கால்தான் இருக்கிறது, அடிபட்டதா என்று கேட்டிருந்தீர்கள். கவலை வேண்டாம், அது நலமாகத்தான் இருக்கிறது. அது நிம்ஃபாலிடே என்ற பட்டாம்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குடும்பத்தில் முன்னங்கால் இரண்டும் குட்டையாகச் சுருங்கி, மார்போடு ஒட்டி மடங்கியிருக்கும், நடக்க உதவாது. நம் மாநிலப் பட்டாம்பூச்சியான தமிழ் மறவனும் இதே குடும்பம்தான். அழகிகள், வெள்ளையன்கள் என்ற வேறு குடும்பப் பட்டாம்பூச்சிகள் ஆறு காலிலும் நிற்கும்.

உங்கள் படத்தில் இருப்பது வெந்தய வரியன் என்றே நினைக்கிறேன். ஆனால் ஒன்றைப் பாருங்கள். டனாய்ட் எக்ஃப்ளை என்ற இனத்தின் பெண் அச்சு அசல் இதே போல இருக்கும். எருக்கு தின்று வளரும் வரியனின் உடலில் நஞ்சு இருப்பதால் பறவைகள் தொடாது. அந்த வேடத்தைத்தான் எக்ஃப்ளை பெண் போட்டுக்கொள்கிறது. இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் கால்களை எண்ணிப் பயனில்லை. பின்னிறக்கையின் நடுவில் மூன்று, நான்கு கருப்புப் புள்ளிகள் இருந்தால் வரியன். அதே பின்னிறக்கையின் முன்விளிம்பில் ஒரே ஒரு புள்ளி என்றால் எக்ஃப்ளை. இறக்கை விரித்த படம் இருந்தால் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.